என் வீட்டு ஜன்னல்: கார்ன்ஃபோர்த் ஸ்டேஷனில் ஒரு டீ



போன இதழில் கொத்தவரங்காய் வற்றல் போடும் பக்குவம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று மட்டும் வற்றலைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "மகளைப் பார்க்க இங்கிலாந்து போனதாக எப்போதோ ஒரு வரி எழுதினீர்கள். அப்புறம் மூச்சே காட்டவில்லையே, ஏன்?" என்று கேட்டிருக்கிறார் ஒரு தஞ்சாவூர் சகோதரி. நியாயமான கேள்விதான். வடாம் பிழிந்ததை எல்லாம் இரண்டு பக்கம் எழுதுகிறவள், கடல் கடந்து போனதை மட்டும் ஏன் எழுதவில்லை? அதில் எங்கள் வீட்டு விஷயம் கொஞ்சம் கலந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, "எழுதேன், நாலு பேருக்கு உபயோகமா இருந்தா சரி" என்றார். அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சினிமாப் பைத்தியம் உண்டு. ப்ளஸ் டூ முடித்த அடுத்த வருஷம் கல்யாணம், அதற்கு அடுத்த வருஷம் கைக்குழந்தை. தியேட்டருக்குப் போவது என்பது வருஷத்துக்கு ஒன்று, அதுவும் தீபாவளிக்கு. மகள் வளர்ந்த பிறகு அவள்தான் எனக்கு இங்கிலீஷ் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். கீழே எழுத்து ஓடினால் எனக்குப் போதும், மெதுவாகக் கூட்டிப் படித்துவிடுவேன். சண்டைப் படம் வேண்டாம், பேய்ப் படம் வேண்டவே வேண்டாம், காதல் படம்தான் வேண்டும். அதிலும் ஜூலியா ராபர்ட்ஸும் ஹியூ கிராண்ட்டும் நடித்து 1999-ல் வந்த 'நாட்டிங் ஹில்' படத்தை நானும் அவளும் எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கே இல்லை. உலகமே கொண்டாடும் நடிகை ஒரு சாதாரணப் புத்தகக் கடைக்காரனை விரும்புகிறாள். நடக்கிற காரியமா? நடக்காது. ஆனாலும் பருப்பு குழைவதற்குள் ஒரு காட்சி பார்த்துவிட்டு வந்தால் மனசு லேசாகத்தான் இருக்கிறது.

இவருக்கு இதெல்லாம் ஆகாது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. படம் போட்டால் பத்து நிமிஷத்தில் குறட்டை. எப்போதாவது படத்தில் ரயில் வந்தால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "இது அந்தக் காலத்து எஞ்சினே இல்ல, சும்மா ஒப்பேத்தியிருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்குவார்.

2018 ஏப்ரலில் இவருக்கு மாரடைப்பு வந்தது. நாற்பத்தொன்பது வயசு. பீடி, சிகரெட், குடி ஒன்றும் கிடையாது. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "வாயு பிடிச்சிருக்கு போல" என்றார். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அது உள்ளே போவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. 108-க்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்து வந்தார், தெய்வ சங்கல்பம். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி கொஞ்சம் பலவீனமாகிவிட்டது என்றும், இன்னும் சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்றும் டாக்டர் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு வருஷம் தின்றது. ஓமத் தண்ணீர் காய்ச்சிய அந்தப் பத்து நிமிஷம்தான் காரணம் என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் மனைவியாக இல்லை சகோதரிகளே, கான்ஸ்டபிளாகிவிட்டேன். உப்பை ஸ்பூனில் அளப்பேன். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. "மாத்திரை போட்டாச்சா?", "நடந்தாச்சா?", "எங்கே போறீங்க?" என்ற இந்த மூன்று கேள்வியைத் தவிர அவரிடம் நான் வேறு எதுவும் பேசிய ஞாபகமே இல்லை. அவரும் "ம்", "ஆச்சு", "இங்கதான்" என்று மூன்று பதிலோடு நிறுத்திக்கொண்டார். செப்டம்பரில் மகள் மேல்படிப்புக்கு லங்காஸ்டருக்குக் கிளம்பிப் போனாள். பிறகு வீட்டில் குக்கர் விசில் சத்தம்தான் பெரிய சத்தம்.

அவள்தான் பிடிவாதமாக எங்களை வரச் சொன்னாள். 2019 மே மாசம், இவருடைய டாக்டரிடம் கேட்டு, போகலாம் என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே டிக்கெட் போட்டோம். இங்கே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். இருதய நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மாத்திரையைப் பெரிய பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒரு ஊரிலும் நீங்கள் ஒரு ஊரிலும் இறங்க நேரலாம். மருந்துச் சீட்டும், டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதமும் கூடவே இருக்கட்டும். பிரயாண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பழைய வியாதியை மறைக்கவே கூடாது. பணம் நாலு காசு கூட ஆகும், ஆகட்டும். மறைத்தால் அங்கே போய் ஏதாவது ஒன்று என்றால் கை விரித்துவிடுவார்கள். விமானத்தில் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இவர் கூச்சப்பட்டு எழுந்திருக்கவில்லை. நான் பாத்ரூம் போவதுபோல எழுந்து எழுந்து அவரையும் கிளப்பினேன்.

லண்டனில் இரண்டு நாள். மகள் முதல் நாளே என்னை நாட்டிங் ஹில்லுக்குக் கூட்டிப்போனாள். படத்தில் கதாநாயகன் குடியிருக்கும் வீட்டின் நீலக் கதவு இருக்கிறதே, அது வெஸ்ட்போர்ன் பார்க் ரோடில் 280-ஆம் நம்பர். படத்துக்குக் கதை எழுதிய ரிச்சர்ட் கர்ட்டிஸ் சொந்தமாகக் குடியிருந்த வீடு அது. படத்தில் வந்த நிஜக் கதவை அப்புறம் ஏலத்தில் விற்றுவிட்டார்களாம். இப்போது இருப்பது அதே நீலத்தில் வேறு கதவு. நானும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். எடுத்து முடித்துத் திரும்பினால், கை நிறைய மளிகைப் பையோடு ஒரு அம்மாள் பக்கத்து வாசலில் நுழைவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள்! எனக்கு வெட்கமாகிவிட்டது. நம் வீட்டு வாசலில் தினமும் நூறு பேர் வந்து நின்று சிரித்துக்கொண்டு போனால் நாம் கோலம் போடுவது எப்படி? "மன்னிக்கணும்" என்று சொல்லி ஒதுங்கி வந்துவிட்டோம்.

அந்தப் புத்தகக் கடையும் அப்படித்தான், பாதி நிஜம், பாதி வேஷம். படத்தில் காட்டிய கடை போர்ட்டோபெல்லோ ரோடில் 142-ஆம் நம்பர். இப்போது அங்கே சுற்றுலாக்காரர்களுக்கான பொம்மையும் பையும் விற்கிறார்கள். கதைக்குத் தூண்டுகோலாக இருந்த நிஜமான பயணப் புத்தகக் கடை பிளென்ஹைம் கிரெசன்ட் என்ற தெருவில் இருந்தது. அது 2011-ல் மூடிப்போய், அந்த இடத்தில் வேறொரு புத்தகக் கடை நடக்கிறது. அங்கே போய் மகளுக்கு ஒரு சமையல் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். இவர் வெளியிலேயே நின்று, தெருவில் கொட்டியிருந்த பழைய இரும்புச் சாமான் கடையில் ஒரு திருப்புளியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் பார்த்த ஊரெல்லாம் நிஜத்தில் அந்த ஊர் இல்லை என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 'காசாபிளாங்கா' என்று 1942-ல் ஒரு படம். காதல் படம் என்றால் முதலில் அதைத்தான் சொல்வார்களாம். கதை மொராக்கோ தேசத்தில் நடக்கிறது. ஆனால் எடுத்ததெல்லாம் அமெரிக்காவில், பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள். காசாபிளாங்கா போய் அந்த ஹோட்டல் எங்கே என்று தேடியவர்கள் எத்தனை பேர் ஏமாந்தார்களோ, கடைசியில் 2004-ல் ஒரு அமெரிக்க அம்மாள் படத்தில் வருகிற மாதிரியே அங்கே ஒரு ஹோட்டல் திறந்துவிட்டாராம். முதலில் படம், அப்புறம் இடம்!

சரி, நான் சொல்ல வந்தது லண்டன் கதை இல்லை.

லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து லங்காஸ்டர் ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மகளுடைய அறையில் எனக்குச் சமையல் செய்ய அடுப்பு கிடைத்ததும் உயிர் வந்தது. புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தேன். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பாடு ஆனதும் அவள் சொன்னாள். "அம்மா, இங்கேருந்து பத்து நிமிஷத்துல கார்ன்ஃபோர்த்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு. அங்கே ஒரு பழைய லவ் ஸ்டோரி எடுத்திருக்காங்க. நீ முதல்ல படத்தைப் பாரு, நாளைக்கு இடத்தைப் பார்க்கலாம்." கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தாள். 'பிரீஃப் என்கவுன்ட்டர்', 1945-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். நோயல் கவர்ட் எழுதிய சின்ன நாடகத்தை டேவிட் லீன் படமாக்கியிருக்கிறார். இவர் வழக்கம்போலத் தூங்கிப்போனார்.

கதை என்னவென்றால், லாரா என்று ஒரு குடும்பப் பெண். புருஷன், இரண்டு குழந்தைகள். வியாழக்கிழமை தோறும் பக்கத்து ஊருக்கு ரயிலில் போய் சாமான் வாங்குவாள், லைப்ரரியில் புத்தகம் மாற்றுவாள், மத்தியான ஆட்டம் ஒரு சினிமா பார்ப்பாள். வாரம் பூராவும் வீட்டுக்கு உழைக்கிறவளுக்கு அந்த ஒரு நாள் அவளுடைய நாள். ஒரு நாள் ஸ்டேஷனில் கரித்தூள் கண்ணில் விழுந்துவிடுகிறது. டீக்கடையில் இருந்த ஒரு டாக்டர் எடுத்து விடுகிறார். அவருக்கும் மனைவி, குழந்தைகள் உண்டு. மறுபடி பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், மனசு நழுவுகிறது. அவ்வளவுதான், எல்லை தாண்டவில்லை. தாண்டிவிடுவார்களோ என்று நாம்தான் முள்மேல் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு வியாழக்கிழமை அவள் அவரோடு இருந்துவிட்டு வீடு திரும்பினால், மகனைக் கார் இடித்துத் தலையில் அடி. பெரிய ஆபத்தில்லை. ஆனால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! நாம் ஒரு நாள் கோவிலுக்குப் போனபோது குழந்தை விழுந்துவிட்டால்கூட நம்மால்தான் என்று நினைக்கிறோம் இல்லையா, அந்த முகம். கடைசியில் டாக்டர் ஆப்பிரிக்காவுக்குப் போகத் தீர்மானித்துவிடுகிறார். ஸ்டேஷன் டீக்கடையில் கடைசியாகப் பிரியும் நேரம் பார்த்து, லாராவுக்குத் தெரிந்த வாயாடி அம்மாள் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டு வளவளவென்று பேசுகிறாள். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்ல முடியாமல், அவள் தோளில் ஒரு கணம் கையை வைத்து அழுத்திவிட்டு அவர் போய்விடுகிறார்.

இந்தக் கதை முழுவதையும் லாரா தன் புருஷனிடம் சொல்கிறாள். வாயால் அல்ல, எதிரில் உட்கார்ந்து அவர் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருக்க, மனசுக்குள்ளேயே சொல்கிறாள்.

மறுநாள் காலை, கூட்ட நேரம் கழிந்து ரயில் ஏறினோம். அப்படி ஏறினால் கட்டணமும் குறைவு. கார்ன்ஃபோர்த் சின்ன ஸ்டேஷன். இறங்கினதும் குளிர்காற்று காதைக் கிள்ளியது. மே மாசம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். இறங்கியதும் இவர் தூக்கம் எல்லாம் கலைந்து ஆளே மாறிவிட்டார். தண்டவாளம், சிக்னல், கூரைக்குத் தாங்கு கொடுக்கும் இரும்பு வேலை எல்லாவற்றையும் தடவிப் பார்க்கிறார்! அந்தப் பக்கம் பெரிய வண்டிகள் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்து போகிற வழி. அந்த வழியில் இருந்த நடைமேடைகளை 1970-லேயே எடுத்துவிட்டதால், எக்ஸ்பிரஸ் எதுவும் இங்கே நிற்பதில்லை. தடதடவென்று அதிர வைத்துவிட்டுப் போய்விடுகிறது. படத்தில் லாரா ஒரு கணம் எக்ஸ்பிரஸ் முன்னால் போய் விழுந்துவிடலாமா என்று ஓடுவாளே, அந்தக் காற்று முகத்தில் அறைகிற மாதிரியே எனக்கும் அறைந்தது.

நடைமேடைகளுக்கு நடுவே கீழே சுரங்கப்பாதை. அதற்குப் படிக்கட்டு இல்லை, சரிவுதான். லாரா ரயிலைப் பிடிக்க ஓடுகிற சரிவு. மேலே இரண்டு பக்கமும் முகம் உள்ள பெரிய கடிகாரம். நடுவில் ஸ்டேஷனை விட்டே போய், திரும்பக் கொண்டுவந்து மாட்டிய கடிகாரம் அது. ஸ்டேஷனே பாழடைந்து கிடந்ததை ஊர்க்காரர்களும் படத்தின் ரசிகர்களும் பாடுபட்டுச் சீராக்கி, 2003-ல் ஒரு காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். இவர் தன் கைக்கடிகாரத்தை அந்தக் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, "கரெக்டா இருக்கு" என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

படம் எடுத்தது 1945 பிப்ரவரியில். அப்போது உலக யுத்தம் முடியவில்லை. ராத்திரியில் விளக்குப் போட்டால் குண்டு விழும் என்ற பயம். அதனால்தான் பெரிய நகரங்களுக்குத் தள்ளி இருக்கிற இந்த ஸ்டேஷனாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம். விமானம் வருகிறது என்று எச்சரிக்கை வந்தால் விளக்கை அணைக்க அவகாசம் கிடைக்குமே! பகலில் வண்டிப் போக்குவரத்து அதிகம் என்பதால் ராத்திரி பூரா, பிப்ரவரிக் குளிரில் எடுத்திருக்கிறார்கள். படத்தில் அந்த அம்மாள் சீலியா ஜான்சன் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வருகிறதே, அது நடிப்பில்லை.

காட்சிக்கூடத்தில் தொண்டு செய்கிற ஒரு பெரியவர், இவர் ரயில்வே என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டார். மகள் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். இதே டேவிட் லீன் கடைசியாக எடுத்த படம் 'எ பாஸேஜ் டு இந்தியா', 1984-ல் வந்தது. அதில் குகைக்குப் போகிற ரயில் நம் நீலகிரி மலை ரயில்தான். அந்த ரயிலுக்கு நீராவி எஞ்சின் கட்டிக்கொடுத்தது எங்கள் பொன்மலைப் பணிமனை என்று இவர் சொன்னதும், அந்தப் பெரியவர் எழுந்து நின்று கை கொடுத்தார். இவர் முகத்தில் ஒரு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு.

உள்ளே சின்னதாக ஒரு தியேட்டர் மாதிரி அமைத்து, அந்தப் படத்தையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் நுழைந்தபோது படம் முடியும் தறுவாய். முதல் நாள் நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கண் புருஷன் மேல் போயிற்று. பிரெட் என்று பெயர். அழகன் இல்லை, பேச்சும் இல்லை. அந்தக் கடைசிக் காட்சியில் குறுக்கெழுத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மனைவி பக்கத்தில் வருகிறார். அவள் எங்கேயோ தொலைவுக்குப் போயிருந்தாள் என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே, யாரோடு, ஏன் என்று கேட்பதில்லை. திரும்பி வந்தாயே என்று நன்றி சொல்கிறார்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், இவர் தூங்கவில்லை.

பிறகு டீக்கடைக்குப் போனோம். உண்மையில் படத்தில் வருகிற டீக்கடை ஸ்டூடியோவில் போட்ட செட். இங்கே அதைப் பார்த்து அதே மாதிரி அமைத்திருக்கிறார்கள். மகள் வாங்கி வரக் கவுன்ட்டருக்குப் போனாள். முன்னால் நாலைந்து பேர். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்க தோஷம், "பத்து மணி மாத்திரை போட்டாச்சா?" என்றேன்.

"ஆச்சு" என்றார். அப்புறம் மேஜையைப் பார்த்துக்கொண்டே, "அந்தாளு கடைசி வரைக்கும் ஒண்ணும் கேக்கலை பாத்தியா?" என்றார்.

"ஆமா."

"நீயும் கேக்கலை."

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிக்கலை வலி. சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துடுச்சு. ஷிப்ட் முடிஞ்சு வண்டியை எடுக்கும்போதே தாடையும் இடது தோளும் இழுத்துது. நெஞ்சில ஏதோ கல்லை வச்ச மாதிரி. டாக்டர்கிட்டயும் பதினோரு மணின்னுதான் சொன்னேன்."

ஐந்து மணி நேரம்! அந்த ஐந்து மணி நேரத்தில் என்னோடு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார், செய்தி பார்த்தார், கேட் பூட்டினார். எனக்கு வந்த கோபத்தில் பேச்சு வரவில்லை. "ஏங்க?" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

"மறுநாள் இவளுக்குக் காலேஜ் முன்பணம் கட்டணும். கடைசி தேதி. நான் ஆஸ்பத்திரில படுத்துட்டா நீ பணத்தை அதுக்குத் திருப்பிடுவே. அவளும் போகமாட்டேன்னு உக்காந்துடுவா. ஒரு ராத்திரி தாண்டிட்டா போதும்னு நினைச்சேன்." கொஞ்சம் பொறுத்து, "நீ ஓமத் தண்ணி போட்டது இல்லம்மா காரணம். நீ அதை நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரலை" என்றார்.

நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கவும் வேண்டும். இரண்டும் செய்வதற்கு முன்னால் மகள் தட்டோடு வந்துவிட்டாள். ஸ்கோன் என்று நம் ஊர் பன் மாதிரி ஒன்று, ஜாம், வெண்ணெய், மூன்று டீ. "அம்மா, இந்தக் கப்பைப் பாரேன்! அப்பா, வெண்ணெய் உங்களுக்கு இல்ல. அந்தக் கவுன்ட்டர் அம்மா என்ன கேட்டாங்க தெரியுமா?" வளவளவென்று ஒரே பேச்சு. இவர் டீயைக் குடித்துவிட்டு, "எக்ஸ்பிரஸ் ஒண்ணு வரும்போல, பார்த்துட்டு வரேன்" என்று எழுந்தார். என் பின்னால் போகும்போது தோளில் கையை வைத்து ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார். எங்கள் கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் வெளி இடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. நான் ஸ்கோனைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் பொடியாக்கி வைத்திருந்தேன்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சில் அழுத்தம், பாரம், தோளிலோ கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சு முட்டல் என்று வந்தால் ஓமம், சீரகம், இஞ்சிச் சாறு எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். உடனே 108. பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டாம், அவரையே வண்டி ஓட்ட விடவே வேண்டாம். நமக்கு, பெண்களுக்கு, இந்த வலி இல்லாமலேயே வெறும் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்குவது என்று வருவதும் உண்டு. அடைப்பு நீங்க எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை கிடைக்கிறதோ அவ்வளவுக்கு இதயத் தசை பிழைக்கும். டாக்டரிடம் வலி ஆரம்பித்த நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் அவர்கள் வைத்தியத்தைத் தீர்மானிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் "எப்போ ஆரம்பிச்சுது?" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேளுங்கள். நான் கேட்கவில்லை.

திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மகள் முன்னால் ஓடினாள். அந்தச் சரிவில் பாதி ஏறுவதற்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இவர் திரும்பி வந்தார். ஸ்டென்ட் வைத்தவர் மேலே நிற்கிறார், நான் மூச்சு வாங்குகிறேன்!

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்க, குளிரு."

"ரெண்டு மாசமா பார்க்கிறேன். மாடிப்படி ஏறினா உனக்கு மூச்சு வாங்குது. உதடு வெளுத்துக் கிடக்கு. கேட்டா என்னைப் பார்த்து மாத்திரை போட்டாச்சாங்கறே."

அவர் சொன்னதற்குப் பிறகு நான் எப்படி மறைப்பது? அந்தச் சரிவில் நின்றுகொண்டே சொன்னேன். ஆறேழு மாசமாக மாதவிலக்கு பத்து நாள் வரைக்கும் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது, முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒரு தடவை துணி மாற்ற வேண்டியிருக்கிறது, ராத்திரி எழுந்து விரிப்பை அலசிப் போட்டிருக்கிறேன் என்று. இவரிடம் இந்தப் பேச்சை நான் இதுவரை பேசியதே இல்லை. நாற்பது தாண்டினால் இப்படித்தான், தானாக நிற்கும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள், நானும் இருந்துவிட்டேன். இவர் வியாதிக்கு நடுவில் என் வியாதிக்கு எங்கே நேரம்?

மேலே ரயில் வந்து, நின்று, போகிற சத்தம் கேட்டது. மகள் சரிவின் தலைப்பில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு பேரும் அங்கே நின்னு என்னதான் பேசறீங்க? வண்டி போயிடுச்சு!" அடுத்த வண்டி வரும்வரை கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இவர் தன் மப்ளரை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டிவிட்டார். மகள் எங்களைப் படம் எடுத்தாள். எனக்குப் பிடித்த படம் அதுதான், நீலக் கதவு இல்லை.

திருச்சி வந்த மூன்றாம் நாளே இவர் என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழரை. பன்னிரண்டு இருக்கவேண்டுமாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்த்திசுக் கட்டி, புற்றுநோய்க் கட்டி இல்லை என்று சொல்லி வயிற்றில் பாலை வார்த்தார். எனக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கவில்லை, போக்கைக் குறைக்க மாத்திரையும் இரும்புச் சத்தும்தான். எல்லோருக்கும் இதே வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கு ஒன்று இரண்டு மணிக்கு ஒன்று என்று மாற்ற வேண்டியிருந்தாலோ, கட்டியாகப் போனாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு மறுபடி தென்பட்டாலோ, வயசுக் கோளாறு என்று உட்காராமல் போய்க் காட்டுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் பிரயோஜனம் குறைவு. எலுமிச்சம்பழச் சாறு, நெல்லிக்காய் மாதிரி ஏதாவதோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

அந்த ஆறு மணி விஷயத்தை மகளிடம் பிற்பாடு இவரே போனில் சொன்னார். அவள் அன்று ராத்திரி பூரா அவரோடு பேசவில்லை, மறுநாள் இரண்டு மணி நேரம் பேசினாள்.

கார்ன்ஃபோர்த்தில் அந்தக் கடிகாரப் படம் போட்ட காந்த வில்லை ஒன்று வாங்கி வந்தோம். அது எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு மருந்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தது, மேலே அவருடையது, கீழே என்னுடையது. நான் அந்த மாத்திரை சாப்பிட்ட மாசங்களில் தினமும் காலையில் சமையலறை வாசலில் வந்து நிற்பார். "டீ குடிச்சு ஒரு மணி நேரம் ஆயிடுச்சா? நெல்லிக்காய் எங்கே? வாயைத் திற, முழுங்கினியா?" கான்ஸ்டபிள் உத்தியோகத்தில் என்னை மிஞ்சிவிட்டார். மூன்று மாசத்தில் ஹீமோகுளோபின் பதினொன்று தாண்டியது.

தஞ்சாவூர் சகோதரி, பதில் நீண்டுவிட்டது. அடுத்த இதழில் உப்புக் குறைத்து மாங்காய்த் தொக்கு போடும் விதம் எழுதுகிறேன். இவருக்குச் செய்து பார்த்ததுதான், ஃபிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் கெடவில்லை.